மூன்றாவது துண்டு

என் தம்பி பெண்டாட்டியைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் நம்பமாட்டார்கள். நாத்தனார் என்றால் குறைதான் சொல்வாள் என்று ஒரு நினைப்பு. நானும் சொல்லியிருக்கிறேன், இல்லை என்று சாதிக்கவில்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரமே சமையலறைக் கத்தியை நான் எடுத்ததற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள் அவள். "அண்ணி, அது என் கத்தி. நீங்க வேற எடுத்துக்கங்க" என்றாள். அடேயப்பா, என்ன திமிர் என்று நினைத்தேன். கத்தியின் கூர் மழுங்கினால் அவளுக்கு உயிரே போய்விடும் என்பது அவள் வேலையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மெழுகு அக்கா என்று பெயர். டாக்டர்கள் நோயாளியின் உடம்பிலிருந்து கிள்ளி எடுக்கிற சதை, அரிசியளவுத் துண்டுகளாக, சீசாவில் அவளிடம் வரும். அதைப் பதப்படுத்தி மெழுகில் புதைத்துக் கட்டியாக்குவாள். அந்தக் கட்டிக்குப் பெயர் பிளாக். அதை யந்திரத்தில் பூட்டிச் சீவுவாள். தலைமுடியை நீளவாக்கில் இருபதாகப் பிளந்தால் என்ன கனம் வருமோ அந்தக் கனத்தில் சீவல் ரிப்பன் மாதிரி வரும். ஒரு தொட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் அதை மிதக்கவிட்டால் சுருக்கம் நீங்கி விரியும். கண்ணாடித் தகட்டை அடியில் விட்டு அப்படியே தூக்குவாள். சாயம் ஏற்றியதும் அந்த ஸ்லைடு டாக்டரின் மேஜைக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் ஒருத்தருக்குப் புற்றுநோய் உண்டா இல்லையா என்று எழுதுவார்கள்.

அந்த அறையில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. ஒரு பிளாக்கைச் சீவி முடித்ததும் மெல்லிய தாள் ஒன்றைத் தண்ணீரின் மேல் இழுத்து எடுக்க வேண்டும். முந்தின ஆளின் துணுக்கு தண்ணீரில் தங்கியிருந்தால் அடுத்த ஆளின் ஸ்லைடில் ஏறிக்கொள்ளும். தாள் இழுப்பது என்பார்கள். இன்னொன்று, சொந்தக்காரரின் பிளாக்கைத் தானே சீவக்கூடாது. பக்கத்து யந்திரத்துக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோரும் கடைப்பிடிப்பது. பதினான்கு வருஷமாக அவள் இரண்டையும் மீறியதே இல்லை. ஒரு வியாழக்கிழமை காலையில் இரண்டையும் சேர்த்து மீறினாள்.

காரணம் என் தம்பி. அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அவன்தான். ஒரு வருஷமாக வயிறு எரிகிறது, எரிகிறது என்று காரிலேயே ஒரு பாட்டில் மருந்தை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். "பிரேக்கை மிதிடான்னா ஆக்சிலேட்டரை மிதிக்கிறான்கா. வயிறு எரியாம என்ன பண்ணும்?" என்பான். நான் பஸ் நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் சொல்கிறவள். என் தொண்டை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டிலும் அதே தொண்டையில் கத்தினேன். கடைசியில் அவள் அவனை இழுத்துக்கொண்டு போய்க் குழாய் விட்டுப் பார்க்க வைத்தாள். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் சிவந்திருக்கிறது, எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று துண்டு கிள்ளி அனுப்பினார்கள்.

அந்த வியாழக்கிழமை பக்கத்து யந்திரத்துக்காரர் பல்வலி என்று லீவு. புருஷனின் பிளாக் தட்டில் இருக்கிறது. ஒரு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. "கையில வெச்சுக்கிட்டு எப்படி அண்ணி சும்மா இருக்கிறது?" என்று பிறகு என்னிடம் கேட்டாள். தானே சீவினாள். ஸ்லைடைத் தானே சாயத்தில் முக்கினாள், தானே தூக்கிக்கொண்டு தலைமை டாக்டரம்மாவின் மேஜைக்கு ஓடினாள். அந்த அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மற்ற வேலையை ஒதுக்கி, உடனே பார்த்தார்.

"வெறும் வீக்கம்தான்மா. கிருமி இருக்கு. ரெண்டு வாரம் மாத்திரை போட்டா சரியாயிடும். போய் மூஞ்சியக் கழுவு."

கழுவினாள். குழாயடியில் நின்று ஒரு பாட்டம் அழுதும் தீர்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்து, தட்டிலிருந்த அடுத்த பிளாக்கை எடுத்துப் பூட்டிச் சீவினாள். நடுவில் தாள் இழுக்கவில்லை. சந்தோஷத்தில் மறந்துபோனாள், வேறென்ன?

அந்த அடுத்த பிளாக் ஒரு சமையல்காரருடையது. பெரிய விடுதி ஒன்றில் இருநூறு பேருக்குச் சமைக்கிறவர். வயிற்றில் புண். அவருக்கு மறுநாள் ரிப்போர்ட் வந்தது: புற்றுநோய். ஸ்கேன் எடுத்தார்கள், எங்கும் பரவவில்லை, வயிற்றை முழுசாக எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்றார்கள். பன்னிரண்டு நாள் கழித்து ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறுவை என்று தேதி குறித்தார்கள்.

எங்கள் வீட்டில் அந்தப் பத்து நாளும் கொண்டாட்டம். தம்பி ஒருவேளை விடாமல் மூக்கு முட்டச் சாப்பிட்டான். மாத்திரையைப் பார்த்தால் மட்டும் முகம் சுளிப்பான். "அதான் ஒண்ணுமில்லன்னுட்டாங்களே, எதுக்கு இத்தனை மாத்திரை?" என்று ஒரு நாள் வம்புக்கு இழுத்தான். அவள் பொறுமையாகச் சொன்னாள். அந்தக் கிருமி உலகத்தில் பாதிப் பேர் வயிற்றில் இருக்கிறதாம். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அதில் ஒரு ரகம் மட்டும் பொல்லாதது. ஊசி மாதிரி ஒன்றை வயிற்றுச் செல்லில் குத்தி, தன் புரதம் ஒன்றை உள்ளே ஏற்றிவிடும். நம் செல்லுக்குள் ஒரு காவல் புரதம் உண்டு. செல் கெட்டுப்போனால் அதைச் சாகடிக்கிற இன்னொரு புரதத்துக்கு இது கைகொடுக்கும். கிருமியின் புரதத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. காவல் புரதத்தின் சின்னச் சுருள் ஒன்று அந்தப் பள்ளத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துவிடும். அப்படி மாட்டிக்கொண்ட காவல், சாகடிக்க வேண்டிய புரதத்தையே அழிக்கத் துணைபோகும். கெட்ட செல் சாகாது. பெருகும்.

"உங்க கார்ல உங்க கால் பக்கம் தனியா ஒரு பிரேக் இருக்குல்ல, கத்துக்கிறவன் தப்புப் பண்ணா மிதிக்க? அந்தக் காலை ஒருத்தன் பிடிச்சுக்கிட்டா?"

"பிடிச்சா கூடப் பரவாயில்ல. பிடிச்சுத் தூக்கி ஆக்சிலேட்டர்ல வெச்சான்னு வை..."

"அதேதான். ஒழுங்கா முழுங்குங்க."

முழுங்கினான். "டாக்டருக்குப் படிச்சிருக்க வேண்டியவ, என் தம்பிகிட்ட வந்து மாட்டிக்கிட்டா" என்று நான் கேலி செய்தேன். மூன்று பேரும் சிரித்தோம்.

அவளுக்கு இந்த விவரமெல்லாம் எப்படித் தெரியும் என்றால், ஆஸ்பத்திரி மாடியில் இதையே ஆராய்ச்சி செய்கிற ஒரு இளம் டாக்டர் இருந்தார். புள்ளி டாக்டர் என்று இவர்கள் வைத்த பெயர். அவர் ஒரு சாயம் வைத்திருந்தார். கிருமியின் புரதமும் நம் காவல் புரதமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் அது சிவப்புப் புள்ளியாக எரியும். இரண்டும் தனித்தனியாகக் கிடந்தால் எரியாது. யாருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தாலும் அவர்களின் பிளாக்கிலிருந்து இன்னொரு சீவல் சீவித் தரச் சொல்லி இவளிடம் வந்து நிற்பார். சமையல்காரரின் பிளாக்கிலிருந்தும் கேட்டு வாங்கிப் போயிருந்தார்.

அறுவைக்கு இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை மத்தியானம், கையில் ஸ்லைடோடு கீழே வந்தார்.

"அக்கா, நீங்க வேற யாரோட பிளாக்கையோ வெட்டிக் குடுத்துட்டீங்க. இதுல கேன்சரே இல்ல. கிருமியும் இல்ல. ஒரு புள்ளிகூட எரியல."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்பர் பாக்காம நான் வெட்டுவேனா தம்பி?" என்று பிளாக்கை எடுத்துக் காட்டினாள். நம்பர் சரியாகத்தான் இருந்தது. அந்த ஆளின் பிளாக்கேதான்.

"அப்போ முதல் ஸ்லைடுல இருந்த கேன்சர் எங்கக்கா போச்சு?"

கூடவே வந்த சீட்டை எடுத்துப் பார்த்தாள். கிள்ளிய துண்டுகள் இரண்டு என்று எழுதியிருந்தது. பிளாக்கிலும் இரண்டுதான். தலைமை டாக்டரம்மா பார்த்த முதல் ஸ்லைடில் மூன்று. அரிசியளவுத் துண்டுகள் வழியில் உடைவது சகஜம், அதனால் இரண்டு மூன்றானால் யாரும் கண்டுகொள்வதில்லை. புற்றுநோய் இருந்தது அந்த மூன்றாவதில் மட்டும்.

அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பதிவேட்டைப் புரட்டினாள். வேண்டாம், வேண்டாம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே புரட்டினாளாம். சமையல்காரருக்கு மேல் வரியில் தன் புருஷன் பெயர். அவன் சீட்டில் துண்டுகள் மூன்று. அவன் ஸ்லைடில் எத்தனை இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பார்த்தாள். இரண்டு. ரிப்பனின் ஓரத்தில் இருந்த மூன்றாவது துண்டு கழன்று தண்ணீரிலேயே நின்றுவிட்டிருக்கிறது. இவள் தாள் இழுத்திருந்தால் அது குப்பைக்குப் போயிருக்கும். இழுக்காததால் சமையல்காரரின் கண்ணாடியில் ஏறிக்கொண்டது.

இதை உறுதி செய்ய அவளுக்கு அரை மணி நேரம் போதும். புருஷனின் பிளாக்கை எடுத்து இன்னொரு சீவல் சீவிச் சாயம் ஏற்றினால் தீர்ந்தது. இழுப்பறையைத் திறந்து எடுத்தாள். உள்ளங்கையில் வைத்திருந்தாள். மறுபடி உள்ளேயே வைத்து மூடிவிட்டாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு அவள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும். அடிப்பாவி, ஒருத்தன் வயிற்றை அறுக்கப்போகிறார்கள், உன் புருஷன் வயிற்றில் எமன் உட்கார்ந்திருக்கிறான், நீ இழுப்பறையை மூடுகிறாயே! முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். "பாக்காத வரைக்கும் அவருக்கு ஒண்ணுமில்ல அண்ணி. பாத்துட்டா இருக்கு" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் முகத்தில் ஈயாடவில்லை. என் தம்பிக்கு அதெல்லாம் கண்ணில் படாது. புதிதாகக் கற்றுக்கொள்ள வந்த ஒருவர் வண்டியைப் பின்னால் எடுத்துத் தபால் பெட்டியில் இடித்த கதையை நடித்தே காட்டினான். அவள் சிரிக்கவில்லை.

"எரிச்சல் இருக்கா?" என்றாள்.

"இல்லம்மா."

"வலி? ஒரு பக்கமா, இழுத்துப் பிடிக்கிற மாதிரி?"

"இல்லைங்கிறேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "பசி நல்லா எடுக்குதுல்ல? எடை ஏதாவது குறைஞ்சிருக்கா?" என்றாள்.

"அக்கா, இவளுக்கு என்ன ஆச்சு? நான் நல்லா இருக்கிறது பிடிக்கலையா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். நானும் அவனோடு சேர்ந்துகொண்டு, "நிம்மதியா சாப்பிடத்தான் விடேன்" என்று அவளைக் கடிந்தேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு என்ன தெரியும்?

மறுநாள் காலையில் புள்ளி டாக்டரும் அவளும் தலைமை டாக்டரம்மாவிடம் போனார்கள். அந்த அம்மா கேட்டுவிட்டு, "சின்னத் துண்டு. முதல் சீவல்லயே தீர்ந்துபோயிருக்கும். கேன்சர் கடுகளவு இருந்தா அடுத்த வெட்டுல வராது. அவருக்குப் புண்ணு இருந்தது, அறுவை டாக்டரே குழாய் விட்டுக் கண்ணால பாத்திருக்கார்" என்றார்.

"மேடம், அது தண்ணியில இருந்து ஏறின துண்டா இருக்கலாம்" என்றாள் இவள்.

"தாள் இழுத்தியா இல்லையா?"

"அன்னிக்கு... சந்தேகமா இருக்கு மேடம்."

"நீயா? இத்தனை வருஷத்துல நீ இழுக்காம இருந்து நான் பாத்ததில்லையே. சரி, முந்தின பிளாக் யாரோடது?"

"பாக்கணும் மேடம்."

பொய்! மனப்பாடமாகத் தெரிந்த பெயர். அந்த அம்மாவுக்கு ஆயிரம் வேலை. "பாத்துச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

புள்ளி டாக்டர்தான் விடவில்லை. பழைய ஸ்லைடைக் கொடுங்கள், அதன் சாயத்தைக் கழுவிவிட்டு என் சாயத்தை ஏற்றிப் பார்க்கிறேன் என்றார். ஒரே வயிற்றில் ஒரே நேரத்தில் கிள்ளிய மூன்று துண்டில், இரண்டில் கிருமியின் வாசனையே இல்லாமல் ஒன்றில் மட்டும் புள்ளி புள்ளியாக எரிந்தால், அந்த ஒன்று வேற்றாளுடையது என்பது அவர் கணக்கு. ஆனால் சாயம் ஏற ஒரு ராத்திரி முழுக்க ஊற வேண்டும். புதன்கிழமை காலை ஏழு மணிக்குத்தான் பார்க்க முடியும். ஒன்பதுக்கு அறுவை.

"இருக்கிறது ஒரே ஸ்லைடு" என்றார் அம்மா. "கெடுத்துட்டீங்கன்னா நீங்க ரெண்டு பேருமே போய் அந்த மனுஷன்கிட்ட சொல்லிக்கங்க. சந்தேகத்தை வெச்சு நான் அறுவையை நிறுத்தமாட்டேன். ஏழு மணிக்குக் காட்டுங்க."

அன்றைக்கு மத்தியானமே சமையல்காரரை வார்டில் சேர்த்துவிட்டார்கள். இவள் அந்தப் பக்கம் போக வேண்டிய வேலையே கிடையாது. கால் தானாகப் போயிற்றாம். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வார்டுக்காரர்கள் கொண்டுவந்த சாப்பாட்டை நர்ஸிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தார். "உப்புப் போட்டவன் எங்கம்மா? அவனை நான் பாக்கணும். நாளைக்கு வயித்தையே எடுத்துடப்போறீங்க, கடைசி சாப்பாட்டையாவது வாய்க்கு விளங்குற மாதிரி போடக்கூடாதா?" பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். அவர் மனைவி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு அங்கே நிற்க முடியவில்லை.

அப்போதாவது போய் அந்த இழுப்பறையைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. புள்ளி எரியாது, எரியாது, அந்தத் துண்டு அந்த ஆளுடையதாகவே இருக்கும் என்று மனசு அடித்துக்கொண்டதாம். அதாவது, எவனோ ஒருவனுக்குப் புற்றுநோய் இருந்துதொலையட்டும் என்று வேண்டிக்கொண்டாள். "நான் அப்படி நெனச்சேன் அண்ணி, என்னை நீங்க என்ன வேணா திட்டுங்க" என்று அவளே ஒப்புக்கொண்டாள். நானாக இருந்தாலும் அதைத்தான் வேண்டியிருப்பேன், இன்னும் சத்தமாக.

புதன்கிழமை ஆறரைக்கே போய்விட்டாள். ஏழுக்கு இருட்டறையில் புள்ளி டாக்டர் ஸ்லைடை வைத்தார். முதல் துண்டு கருப்பாகக் கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு நகர்த்தியதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"அக்கா, வந்து பாருங்கக்கா! எத்தனை புள்ளி! நான் இதுவரைக்கும் இவ்வளவு பாத்ததே இல்ல. ஒவ்வொரு செல்லுலயும் பிடிச்சு வெச்சிருக்கு பாருங்க!"

குனிந்து பார்த்தாள். சிவப்பு, சிவப்பு, கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிடி. அவர் பாட்டுக்கு ஆராய்ச்சிச் சந்தோஷத்தில் பேசிக்கொண்டே போனவர், சட்டென்று நிறுத்தினார்.

"அப்போ இது அந்தாளோடது இல்ல. நிச்சயமா இல்ல. யாரோடதுக்கா?"

"எங்க வீட்டுக்காரரோடது" என்றாள்.

அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. கீழே இறங்கி ஓடினாள். இழுப்பறையைத் திறந்தாள், பிளாக்கைப் பூட்டினாள். தண்ணீரில் தாளை மூன்று தடவை இழுத்தாள். முதல் இரண்டு சீவலும் கிழிந்தன. கையைத் தொடையில் வைத்து அழுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூன்றாவதைச் சீவினாள். தண்ணீரில் விரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று துண்டும் வந்தன. சாயம் ஏறும் வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு ஐந்து. எட்டு இருபது. எட்டு முப்பத்தைந்துக்குத் தலைமை டாக்டரம்மாவின் மேஜையில் புள்ளி எரிந்த ஸ்லைடையும் இந்தப் புது ஸ்லைடையும் வைத்தாள்.

"முந்தின பிளாக் யாரோடதுன்னு கேட்டீங்களே மேடம். எங்க வீட்டுக்காரரோடது. எனக்குத் திங்கட்கிழமையே தெரியும். தாள் இழுக்கல. சந்தேகமெல்லாம் இல்ல, நான் இழுக்கல."

அந்த அம்மா பார்த்தார். தலை நிமிராமலேயே வலது கையால் போனை எடுத்தார். அறுவைக் கூடத்தில் யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "ஓடும்மா!" என்று கத்தினார். இவள் இரண்டு மாடி ஏறி ஓடினாள். செருப்போடு நுழையக்கூடாத இடத்தில் செருப்போடும், செருப்பில்லாமல் நுழையக்கூடாத இடத்தில் வெறுங்காலோடும் ஓடி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "நிறுத்துங்க, தப்பான ஸ்லைடு, தப்பான ஸ்லைடு!" என்று அலறினாளாம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நான் கேலி செய்கிற ஊமைக்கோட்டான். சமையல்காரர் மேஜையில் படுத்திருந்தார். கையில் ஊசி ஏறியிருந்தது. மயக்க மருந்து இன்னும் போடவில்லை.

தலைமை டாக்டரம்மா பின்னாலேயே மூச்சிரைக்க வந்து மற்றதைப் பேசிக்கொண்டார். திரும்பி வரும்போது, "எல்லாத்தையும் எழுதிக் குடு, திங்கட்கிழமையையும் சேர்த்து எழுது. வேலை என்னாகும்னு எனக்கே தெரியல" என்றார். இரண்டு படி இறங்கிய பிறகு, "உன் வீட்டுக்காரருக்கு ஆரம்பம்தான். இன்னிக்கே கூட்டிட்டு வா" என்றார்.

பத்து மணிக்கு நான் பஸ் நிலையத்தில் மைக் முன்னால் இருந்தேன். கண்ணாடிக்கு வெளியே அவள் வந்து நின்றாள். தலை கலைந்து, வெறுங்காலோடு. அறிவிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தேன். அங்கேயே, ஜனங்கள் இடித்துக்கொண்டு போகிற இடத்திலேயே, முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். நான் அவளை அடித்தேனா, கட்டிக்கொண்டேனா என்று இப்போது சரியாக ஞாபகம் இல்லை. இரண்டும் செய்திருப்பேன்.

"நான் தனியாப் போய்ச் சொல்ல முடியாது அண்ணி. நீங்க வாங்க" என்றாள்.

தம்பி மைதானத்தில் இருந்தான். கற்றுக்கொள்கிற பெண் ஒருத்தி வண்டியில் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததுமே அவனுக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். வண்டியை நிறுத்தச் சொல்லி, அந்தப் பெண்ணை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினான். தம்பி பெண்டாட்டி காரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "உங்களுக்குக் கேன்சர் இருக்கு. ஆரம்பம்தான். நான்தான் தப்புப் பண்ணேன்" என்றுதான் தொடங்கினாள்.

அவன் முழுசும் கேட்டான்.

"திங்கட்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ரெண்டு நாளா எனக்குச் சாப்பாடு போட்டியே, ஒரு வார்த்தை சொல்லாம?"

"பயமா இருந்தது."

கோபப்படுவான், கத்துவான் என்று நான் காத்திருந்தேன். சாவியை உருவி என்னிடம் நீட்டினான். "என்னால ஓட்ட முடியாதுக்கா" என்றான். எனக்கும் ஓட்டத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. காரை அங்கேயே பூட்டிவிட்டு மூன்று பேரும் நடந்து போய் ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏறினோம்.

அவனை நடுவில் உட்கார வைத்தோம். நாலைந்து நிறுத்தம் தாண்டியது. அப்புறம் அவனாகத்தான் கேட்டான்.

"அந்தச் சமையல்காரர்கிட்ட சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க. மேஜையில படுத்திருக்கும்போதே சொன்னாங்க."

"என்ன சொன்னாரு?"

"பசிக்குதுன்னாரு" என்றாள்.

என் தம்பி சிரித்தான். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, ஆஸ்பத்திரி வரும் வரைக்கும் அழுதான்.